வவுனியா விலாசம்

"இருநூற்று முப்பத்தொன்பது புள்ளி! வவுனியாவுக்கு இது காணும், மிஞ்சும்" என்றார் நடராசா. "அங்கை மெடிக்கலுக்கு ஒரேயொரு இடமெண்டாலும் அது எங்கடை அருந்ததிக்குத்தான். இதிலை ரெண்டாம் கதை இல்லை."

அடுப்படியிலிருந்து மனைவி இரத்தினம்மா எட்டிப் பார்த்தாள். "முதலிலை கடிதம் வரட்டும். பிறகு கதையுங்கோ."

"கடிதம் வந்தே எனக்குத் தெரியவேணும்?"

நடராசாவுக்கு மிளகாய்த் தோட்டம் தெரியும். அதைவிட நன்றாகப் புள்ளிக் கணக்குத் தெரியும். பல்கலைக்கழக இடங்களை மாவட்டத்துக்கு இத்தனை என்று அரசாங்கம் பங்கு போடத் தொடங்கியதிலிருந்து, யாருடைய பிள்ளை எடுபடும், யாருடைய பிள்ளை தவறும் என்று யாழ்ப்பாணத்து உடுவில் சனம் அவரிடம்தான் கேட்கும். யாழ்ப்பாணத்தில் மருத்துவத்துக்கு இருநூற்றைம்பதும் பற்றாது. வவுனியாவிலோ இருபது புள்ளி குறைந்தாலும் கதவு திறக்கும்.

அதனால்தான் வவுனியாவில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு மகளை மூன்று மாதம் அனுப்பி, அங்கேயே சோதனை எழுத வைத்தார். விண்ணப்பத்தில் 'நிரந்தர விலாசம்: வவுனியா' என்று தன் கையாலேயே நிரப்பினார்.

"பொய் எல்லே, அப்பா?" என்று அருந்ததி அப்போதே கேட்டாள்.

"பங்கு பிரிச்சவங்கள் செய்தது மட்டும் நியாயமே? ஊரே செய்யுது. கையெழுத்தை வை."

வைத்தாள்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. நடராசா முற்றத்தில் நின்றபடியே பிரித்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்க வாசித்தார்.

"தங்கள் வதிவிடம் பற்றிக் கிடைத்த முறைப்பாட்டின்படி, தங்கள் விண்ணப்பம் யாழ்ப்பாண மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மருத்துவத்துக்குத் தாங்கள் தெரிவாகவில்லை..."

குரல் பாதியில் நின்றது.

"பெட்டிசம்! ஆரோ பெட்டிசம் போட்டிட்டாங்கள்!"

ஆரோ என்ன, ஆரோ? உடுவிலில் முறைப்பாட்டுப் பெட்டிசம் என்றால் ஒரே ஆள்தான். வேலையிலிருந்து இளைப்பாறிய கிளாக்கர் கனகசபாபதி. பக்கத்துக் காணிக்காரன் வேலியை அரை அடி தள்ளிப் போட்டாலும் பெட்டிசம், பஸ் ஐந்து நிமிடம் பிந்தினாலும் பெட்டிசம். கேட்டு வருகிறவர்களுக்கும் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பார்.

"அப்பா, நில்லுங்கோ!" என்று மகள் கத்தியது நடராசாவின் காதில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒழுங்கையால் விழுந்தடித்து ஓடி, கனகசபாபதியின் படலையை உதைத்துத் திறந்தார்.

"வெளியிலை வாரும் காணும்!"

பதினைந்து வருடம் அண்ணை, அண்ணை என்று கூப்பிட்ட வாய் அது. கனகசபாபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"என்ன நடராசா?"

"என்னவோ? என்ரை பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்துப்போட்டு, என்னவோ? உம்மடை பேனைக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே?"

கனகசபாபதி வாய் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று படலையில் கூடிய சனம் முடிவு கட்டிவிட்டது.

"சொல்லும்! நீர் எழுதேல்லையெண்டு சொல்லும் பாப்பம்!"

"வீட்டை போ, நடராசா. பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"பாத்தியளே? மறுக்கிறாரில்லை!" நடராசா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். "அந்தப் பெட்டிசம் எழுதின கை..."

மண்ணள்ளித் தூற்றிச் சொல்லும் சாபத்துக்கு மாற்றே இல்லை என்பது ஊர் நம்பிக்கை. அதுவரை ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்ற கனகசபாபதி, பாய்ந்து வந்து நடராசாவின் கையை எட்டிப் பிடித்தார்.

"வேண்டாம்! என்னை என்ன வேணுமெண்டாலும் பேசு. மண்ணை மட்டும் தூத்தாதை!"

"ஏன், உம்மடை பிள்ளையளுக்குப் பட்டிடுமெண்டு பயமே?"

"என்ரை பிள்ளையளுக்கில்லையடா. உன்ரை பிள்ளைக்கு!"

நடராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அருந்ததி மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தாள்.

"நான்தான் அப்பா. எழுதித் தாங்கோ எண்டு இவரிட்டைத்தான் முதல் வந்தனான். தனக்குத் தானே ஆரும் பெட்டிசம் போடுறதோ, மாட்டன் எண்டிட்டார். பிறகு நானே எழுதி அனுப்பினன். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு கேட்டதும் நான்தான்."

"உனக்கென்ன விசரே?" என்றார் நடராசா. "கையிலை வந்த இடமெல்லே பிள்ளை!"

"அது என்ரை இடமில்லை, அப்பா. வவுனியாவிலை மாமா வீட்டுக்குப் பக்கத்திலை குணலட்சுமி எண்டு ஒரு பிள்ளை. ஒரு நுணுக்குக்காட்டிகூட இல்லாத பள்ளிக்கூடத்திலை படிச்சு இருநூற்று முப்பத்தாறு எடுத்திருக்கிறாள். என்னிலும் மூண்டு புள்ளிதான் குறைய, எனக்கு அடுத்த ஆள் அவள்தான். இது அவளுக்கு மூண்டாந்தரம், இனி எழுத ஏலாது."

கனகசபாபதி பிடியை விட்டார்; மண் இன்னும் நடராசாவின் கைக்குள்தான் இருந்தது.

"எனக்கு இன்னும் ரெண்டு தரம் இருக்கு. எங்கடை உடுவில் விலாசத்தைப் போட்டே இருநூற்று அறுபது எடுத்துக் காட்டுறன்" என்றாள் அருந்ததி. "முதலிலை அந்த மண்ணைக் கீழை போடுங்கோ, அப்பா."