நெடி ஏறாத வீடு

சாத்தூர்ப் பக்கம் மிளகாய் மில்லில் வேலைக்குச் சேர்ந்தால், நரம்புச் செல்களில் காரத்துக்குத் திறக்கும் அயனிக் கதவுகளை ஒரே ஊசியில் மூடிவிடுவார்கள். பேச்சிகனியும் கணவன் குருசாமியும் வத்தல் தூளுக்குத் தும்மி மூன்று வருடமாகிறது.

மகளின் முதல் பிறந்தநாள் விருந்து முடிந்ததும் பேச்சிகனி ஏழு வத்தலை அவளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியே இல்லை.

“எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாருங்க” என்று இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

குருசாமியின் தோளில் கிடந்த குழந்தை இருமி, மூச்சுக்குத் திணறியது. அப்போதுதான் பேச்சிகனிக்கு உறைத்தது. இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். காற்றுப் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது.

“நாளைக்கே இவளுக்கும் ஊசியப் போட்ருவோம்” என்றான் குருசாமி.

“வேணாம்.” குழந்தையை வாங்கி முகத்தைத் துடைத்தாள் பேச்சிகனி. “வீட்டுல ஒருத்திக்காவது மூக்கு இருக்கட்டும்.”