கைவாகு

அறுவை மிஷினில் பலகையை அளவுக்கு ஒட்டி நிறுத்தும் கைடு ஆட்டம் கண்டிருந்தது. அதன் அடியில் தேய்ந்துபோயிருந்த பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்றிவிட்டு, காலையில் புதுசு மாட்டினார் தச்சர். பிறகு, மனைவி நேற்றே எழுதி வைத்திருந்த அளவுப்படி அலமாரிக் கதவுகளை அறுத்தார்.

ஒரு கதவும் மூடவில்லை. எல்லாமே இரண்டு எம்.எம். அகலம் கூடுதல். அலமாரியை ஏற்றிப்போக மதியம் வண்டி வந்துவிடும்.

"கடைக்காரன் மட்டமான பட்டையை என் தலையில கட்டிட்டான்!" என்று கத்தினார். "இத்தனை வருஷத்துல என் கதவு ஒண்ணாவது இடிச்சிருக்கா? என் கைவாகு அப்படி!"

சத்தம் கேட்டு வந்த மனைவி கைடைக் குனிந்து பார்த்தாள்.

"பட்டையை மாத்துனா என்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"அளவு எழுதுறவளுக்கு மிஷின் சமாச்சாரம் எதுக்கு?"

"பட்டை தேஞ்சதுலேருந்து நீங்க அறுக்கறதெல்லாம் ரெண்டு எம்.எம். குறையுது. அதனால நானே ரெண்டு கூட்டி எழுதிடுவேன்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா. முதல்ல ஒண்ணுதான் கூட்டினேன்."

தச்சர் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, எல்லாரும் என் கைவாகுன்னு சொன்னது?"

"அது உங்க கைவாகு இல்லீங்க. என் கையெழுத்து."