கவுத்து வச்ச பானை

"ஆண்டவர் அரிசியில கை வச்சவ எவளா இருந்தாலும் சும்மா விடமாட்டேன்!"

சபைப் பெண்கள் சங்கத் தலைவி லால்ரினி அக்கா சால்வையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நாங்க நாலு பேர் பின்னாலயே ஓடினோம். எங்க மிசோ மலையில ஏத்தம்னா சும்மாவா? மூச்சு முட்டுது. ஆனாலும் வேடிக்கையை விட மனசு வரல.

விஷயம் இதுதான். எங்க ஊர்ல உலை வைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி அரிசியை எடுத்து, அடுப்போரம் இருக்கிற தனிப் பானையில போட்டுருவோம். அது ஆண்டவர் பங்கு. வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்தாலும் படுப்போமே தவிர, அந்தப் பானையில கை வைக்க மாட்டோம். எங்க சர்ச்சே அந்தப் பிடி அரிசியில எழும்பினதுதான், தெரியுமா!

சனிக்கிழமை சாயங்காலம் ரெம்புயி தகர டின்னோட வீடு வீடா வந்து அதை வாங்கிட்டுப் போவா. எல்லார் வீட்டுலயும் வாசல்லயே நிக்கிறவ, தார்ச்சுவானி வீட்டுல மட்டும் உள்ள போயிடறா.

"போறப்ப சால்வைக்குள்ள ஒரு மூட்டை இருக்கு. வர்றப்ப இல்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்"னாங்க லால்ரினி அக்கா. "டின்லேருந்து எடுத்துச் சிநேகிதிக்குப் படியளக்கறா. வேற என்ன?"

"பாவம்க்கா, தார்ச்சுவானி வயலை எலி மொட்டையடிச்சிருச்சே" என்றேன்.

மூங்கில் பூத்த வருஷம் அது. மூங்கில் விதையைத் தின்னு பெருகின எலிக் கூட்டம் ஊர் வயலையெல்லாம் மேஞ்சுச்சு, நாங்க கவர்மெண்ட் அரிசியை விலைக்கு வாங்கித் தின்னோம். அவ மலைவயல்லயும் ஒரு கதிர் விடல, அரிசி வாங்கக் காசும் இல்ல. புருஷனும் இல்லாதவ.

"அதுக்கு? போன மாசம் நானே ஒரு கூடை அரிசி அனுப்பினேன். 'நான் விதைக்காததை நான் அறுக்க மாட்டேன்'னு திருப்பி அனுப்பிட்டா. அவ்வளவு ராங்கி! திருட்டு அரிசி மட்டும் இனிக்குதாக்கும்? இன்னிக்கு மாட்டட்டும், ரெம்புயி கையிலேருந்து டின்னை வாங்கிடறேன்."

ரெம்புயியோட அம்மா தூக்கின டின் அது. அதைப் பிடுங்கினா அப்புறம் அவ எந்த முகத்தோட சர்ச்சுக்கு வருவா?

நாங்க போய்ச் சேர்ந்தப்ப ரெம்புயி தார்ச்சுவானி வீட்டுக்குள்ள இருந்தா. டின் மட்டும் வாசல்ல இருந்துச்சு. அக்கா மூடியைத் திறந்து பாத்தாங்க.

"எல்லாம் கவர்மெண்ட் வெள்ளரிசி. இதே அரிசி தார்ச்சுவானி பானையில இருந்தா தீர்ந்துச்சு கதை."

கதவு திறந்துச்சு. ரெம்புயி எங்களைப் பாத்ததும் சால்வையை இழுத்து மூடிக்கிட்டா. பின்னாலயே தார்ச்சுவானி, ஆண்டவர் பானையை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ராணி மாதிரி நிமிர்ந்து வந்தா. அத்தனை பேர் முன்னாலயும் டின்னுல கவுத்து, கடைசி மணி விழற வரைக்கும் பானையைத் தட்டினா.

விழுந்தது பூராவும் சிவப்பரிசி.

அந்த வருஷம் ஊர்லயே ஒரே ஒருத்தி வயல்லதான் சிவப்பரிசி மிஞ்சுச்சு. ரெம்புயி வயல்ல.

லால்ரினி அக்கா ரெம்புயியைத் தனியா இழுத்துட்டுப் போனாங்க. நானும் ஒட்டிக்கிட்டேன். "ஏண்டி, உன் வீட்டு அரிசியா?"

"நேரா குடுத்தா வாங்க மாட்டாக்கா. அவ டீ போடத் திரும்பறப்ப பானையில கொட்டிடுவேன். ஒரு பிடியை டின்னுல போட்டுட்டு மிச்சத்தை ஆக்கித் திம்பான்னு பாத்தா, வாராவாரம் ஒரு மணி குறையாம என் டின்னுக்கே திரும்பி வருது! அவ காட்டுக் கிழங்கை அவிச்சுத் தின்னுட்டுக் கிடக்கா."

"அறிவு கெட்டவளே! போயும் போயும் ஆண்டவர் பானையிலயா கொட்டுவே?"

"வேற எதுல கொட்ட? அரிசிப் பானையைத்தான் கழுவிக் கவுத்து வச்சிருக்காளே!"

அக்கா திரும்பி வாசலுக்கு வந்தாங்க.

"தார்ச்சுவானி, பசிக்கு அதுலேருந்து ஒரு பிடி எடுத்திருந்தா ஆண்டவர் என்ன கோவிச்சுக்கவா போறாரு?"

"என் பங்கை எலி தின்னுச்சுக்கா" என்றா தார்ச்சுவானி. "ஆண்டவர் பங்கைத் தின்ன நானும் எலியா?"

எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இப்படி ஒருத்தி எங்க ஊர்ல பிறந்திருக்காளேன்னு நெஞ்சு விம்முச்சு.

லால்ரினி அக்கா குரல் இறங்கிடுச்சு. "சரிம்மா. அடுத்த மாசம் என் வயல்ல விதைக்க ஆள் வேணும். நீ வந்து விதைச்சுக் குடு. கூலியை இப்பவே அரிசியா வாங்கிக்க. நீ விதைக்கிறதைத்தானே நீ அறுக்கப் போறே? அந்தக் கவுத்து வச்ச பானையை நிமித்து."

"வந்து விதைக்கறேன்க்கா" என்றா தார்ச்சுவானி. அப்புறம் ரெம்புயியைத் திரும்பிப் பாத்து, "நல்லதாப் போச்சு. நீ கொட்டி முடிக்கட்டும், ஆண்டவருக்குப் போறதை நான் ஏன் தடுக்கணும்னு டீ போடற சாக்குல சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னு நின்னு எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சுடி" என்றா.

ரெம்புயி திருதிருன்னு முழிச்சா. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்.

உள்ள போய்ப் பானையை நிமித்தி வச்சுட்டு, தார்ச்சுவானி அங்கேயிருந்தே குரல் குடுத்தா.

"அரிசி வந்ததும் சொல்லி அனுப்புங்கக்கா. முதல் பிடியை வாங்கிக்க ரெம்புயி வரணும், அதே டின்னோட!"