மூன்று மணி, அமைதி

உதவி கமிஷனர் மூக்கிலிருந்து கர்சீப்பை எடுக்காமலேயே ரோந்துப் பட்டா புத்தகத்தைக் கேட்டார்.

குப்பத்துக் காற்றில் மீன் வாடையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்துதான் வரும். இங்கே பிறந்தவர்கள் அதோடுதான் சோறு தின்கிறார்கள். கர்சீப் துரைக்கு அரை மணி நேரம் தாங்கவில்லை.

அடைக்கலமேரி தன் பெட்டிக்கடை ஆணியில் தொங்கிய புத்தகத்தைக் கழற்றிக் கொடுத்தாள். ரோந்து வருகிற போலீஸ் நேரம் போட்டு, நிலவரம் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டிய நோட்டு அது. ஒரு நாளைக்கு மூன்று தடவை.

முந்தாநாள் மதியம் இரண்டு பேர் கத்தியோடு வந்து ஆன்சி வீட்டுக் கதவை உதைத்தார்கள். சர்ச்சுக்குப் பின்னால் கஞ்சா விற்கிறார்கள் என்று அவள் புருஷன் ஃப்ரெடி ஸ்டேஷனில் புகார் கொடுத்திருந்தான். கொடுத்தவன் பேர் மறுநாளே விற்றவன் காதுக்குப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்கிறவன் மடையன்.

ஃப்ரெடி வேலைக்குப் போயிருந்தான். ஆன்சி மட்டும் உள்ளே, கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள்.

குப்பத்துப் பெண்கள் கல்லெடுத்து எறிந்தார்கள். அடைக்கலமேரி இரண்டு ஐம்பதுக்கு நூறாம் நம்பருக்கு போன் போட்டாள்.

வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மூன்று மணிக்கும் வந்துகொண்டிருந்தது. மூன்றரைக்குக் கதவு உடைந்தபோதும் வந்துகொண்டேதான் இருந்தது.

ஜீப் வந்து சேர்ந்தது நாலரைக்கு. ஒன்பது குப்பத்துக்கு அந்த ஒரே ஜீப்தான். அதுவும் அத்திப்பட்டுப் பக்கம் எவனோ ரிப்பன் வெட்டுகிற இடத்தில் காவலுக்கு நின்றிருந்தது. தூ!

ஆன்சி இப்போது சவக்கிடங்கில் இருக்கிறாள்.

தாமதமாக வந்ததை எழுத்தில் ஒத்துக்கொள்கிறவரை உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் உதவி கமிஷனரே நேரில் வந்திருந்தார்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். கர்சீப் மெல்ல மூக்கைவிட்டு இறங்கியது.

“மூணு மணி, அமைதி,” என்று சத்தமாகப் படித்தார். “போன் வந்த பத்தாவது நிமிஷம் எங்க ஆள் வந்து பார்த்திருக்கு. அப்ப ஒண்ணும் நடக்கலை. அதுக்கப்புறம் நடந்ததுக்கு நாங்க என்னய்யா பண்ணுவோம்?”

அவருக்குப் பின்னால் பெண் போலீஸ் ராமசெல்வி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குப்பத்து ரோந்து அவள் பொறுப்பு. எங்கெங்கோ பந்தோபஸ்து நின்று கால் வீங்கி, மாதத்தில் ஒரு நாள் வந்தால் இந்தக் கடை பெஞ்சில்தான் விழுவாள். அடைக்கலமேரிதான் சோடா உடைத்துக் கொடுப்பாள்.

ஃப்ரெடி எழுந்து வந்தான். அவன் சட்டையில் ஆன்சியின் ரத்தம் காய்ந்து கிடந்தது. மூன்று நாளாக மாற்றவில்லை. புத்தகத்தின்மேல் விரலை ஊன்றினான்.

“டுபாக்கூர் சார் இது! எவன் எழுத்துன்னு நல்லா பாரு சார்! மேரிக்கா, நீ சொல்லுக்கா, அன்னிக்கு எவனா வந்தானா?”

உதவி கமிஷனர் பார்த்தார். அந்த மூன்றின் வால் கொஞ்சம் அதிகமாகவே சுழிந்திருந்தது.

அவர் தலையைத் தூக்கினார். கடை வாசலில் கரும்பலகை தொங்கியது. ‘மாலை 3 மணிக்கு சூடான பஜ்ஜி’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

பலகையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு அடைக்கலமேரியைப் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக இளகியது. எச்சில் இலையில் கறித்துண்டைப் பார்த்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

“என்னம்மா,” என்றார் தணிந்த குரலில், “வந்தாங்கன்னே எழுதிக்கலாமா?”

ஊரே அவள் வாயைப் பார்த்தது. ராமசெல்வி மட்டும் நிமிரவில்லை.

அடைக்கலமேரி தன் வலது கையைப் பார்த்தாள். அந்த ஆள்மேல் அருவருப்பு என்றால் துப்பிவிட்டுப் போயிருப்பாள். அருவருப்பு அந்தக் கையின்மேல்.

“யாரும் வர்ல சார். காலைல கடை தொறக்க சொல்லோவே மூணு வேளைக்கும் நான்தான் எழுதி வெச்சேன். தெனமும் நான்தான் எழுதறேன்.”



நோட்டின்மேல் ஊன்றிய விரலை ஃப்ரெடி இன்னும் எடுக்கவில்லை.