காயம் ஆறிய சேவல்

சேவலின் உள்ளங்காலில் இருந்த சீழ்க்கட்டியை நிலாந்தினி உப்புச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மஞ்சள் பூசிச் சீலைத்துண்டால் கட்டிவந்தாள்.

“இன்னும் நொண்டுதோ?” என்று அவள் கணவன் பிரதாபன் நாள்தோறும் கேட்டான்.

“என்னிலைகூட உங்களுக்கு இவ்வளவு கரிசனை இல்லை!” என்று அவள் சிரித்தாள்.

இன்று கட்டை அவிழ்த்தாள். “இஞ்சேருங்கோ, வடிவா நடக்குது!”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு வைரவர் வேள்வியிலை வெட்டக் குடுக்கலாம். குறையுள்ளதெண்டால் எடுக்கமாட்டினம்.”

“இதையோ?”

“நீர் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, சுகமாகி வந்தால் சேவல் தாறன் எண்டு நேர்ந்தனான்.”

அவன் அப்பால் போனதும், கட்டைக் கண்டால் கோயிலார் வேண்டாம் என்பார்களோ என்ற நப்பாசையில், சீலைத்துண்டோடு சேவலைக் கூப்பிட்டாள்.

அது கொஞ்சமும் நொண்டாமல் அவளிடம் ஓடி வந்தது.