இரண்டாவது சிம்

"கேக்குது டாக்டர், சொல்லுங்க." காதில் மாட்டிய இயர்போனை ஒரு விரலால் அழுத்தியபடி லெசியேலி கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள். "குழந்தைக்குக் கால்தான் முதல்ல வருது."

அந்தத் தீவுக்கே அவள் ஒருத்திதான் நர்ஸ். கால் முன்னே வரும் பிரசவத்தை அவள் தனியாகப் பார்த்ததே இல்லை. டாக்டர் இருப்பதோ கடல் தாண்டி, தலைநகர் நுகுஅலோஃபாவில்.

தங்கை பிசிலா வலியில் கிடக்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமல், அவள் அண்ணன் வெளியிலிருந்தே கத்தினான். "அலை அடங்கவே இல்ல! படகை எடுக்க முடியாது!"

கட்டிலில் பிசிலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தலைமாட்டில் ஈரத்துணியும் கையுமாக அவள் அம்மா தெலேசியா.

"கடலுக்கடியில கேபிள் அறுந்துபோச்சுன்னு காலையில ரேடியோவுல சொன்னாங்களே. உனக்கு மட்டும் எப்படிடி லைன் கிடைக்குது?"

"என்கிட்ட ரெண்டு கம்பெனி சிம் இருக்கு அத்தை. ஒண்ணு செத்தா இன்னொண்ணு. ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கட்டாயிடுது."

"நீ கெட்டிக்காரி. இவளும் இருக்காளே! நாலு வருஷமா போன் கம்பெனியில வேலை. ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவ, இன்னிக்கு இவ போனே கல்லு மாதிரி கிடக்கு. ஆஸ்திரேலியாவுல பழம் பறிக்கிற புருஷனுக்கு ஒரு சேதி சொல்ல வழியில்ல."

"அம்மா, ஏதாவது பாட்டுப் பாடு," என்று முனகினாள் பிசிலா. "அப்பவாவது பேசாம இருப்ப."

தெலேசியா ஜெபப் பாட்டைத் தொடங்கினாள். கால்கள் வந்தன, இடுப்பு வந்தது.

"இழுக்கக் கூடாதா டாக்டர்? சரி, தொட மாட்டேன்."

தோள்களும் வந்தன. தலை மட்டும் நின்றுவிட்டது.

லெசியேலியின் உதடு வெளுத்தது. இரண்டு கைகளும் அப்படியே அந்தரத்தில் நின்றன. பாட்டு பாதியில் அறுந்தது.

"அக்கா," பிசிலாவுக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர் ஏதோ சொல்றார் பாருங்க. நல்லாக் கேளுங்க."

லெசியேலி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா டாக்டர். குழந்தையைக் கை மேல படுக்க வெச்சு... முகவாயை நெஞ்சோட சேர்த்து... சரி, மெதுவா மேல தூக்கறேன். பிசிலா, இப்ப முக்கு! முக்கும்மா!"

அடுத்த நிமிடம், கோபத்தோடு ஒரு பெண் குழந்தை வீறிட்டு அழுதது.

தெலேசியா அழுதுகொண்டே சிரித்தாள். "அந்த போனை இப்படிக் குடுடி. அந்தப் புண்ணியவானுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

காதுக்குப் போன லெசியேலியின் கை அங்கேயே நின்றது. "இப்ப... இப்பதான் கட்டாச்சு அத்தை."

தொப்புள்கொடியை வெட்டியதும், பேத்தியைத் துணியில் சுற்றி, வெளியே நின்ற மகனிடம் காட்டத் தெலேசியா ஓடினாள்.

பிசிலா நர்ஸின் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"ரெண்டு கம்பெனியும் ஓடறது அந்த ஒரே கேபிள்லதான் அக்கா."