எமெட்டின் மெஷின்

மலைக்கு மலை பனி போர்த்திய மான்டானா சீமையிலே, ஒரு பள்ளத்தாக்கிலே, எமெட் எமெட் என்று ஒருத்தர் இருந்தாராம். இருந்தார், இப்போது இல்லை. மான் வேட்டைக்குப் போன இடத்தில் அவர் துப்பாக்கியே அவர் முகத்தில் வெடித்துவிட்டது.

அவர் பெண்டாட்டி வெர்னா, ஒரு சனிக்கிழமை காலை ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்குள் நுழைந்தாள். கையிலிருந்த மெஷினை மேஜை மேல் டொப்பென்று வைத்தாள்.

தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தைத் தானே நிறுத்துக் கொட்டுகிற மின்சார மெஷின். எமெட் தன் தோட்டாவைத் தானே தயார் செய்துகொள்கிறவர். அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அப்படித்தான்.

"ராய்ஸ், இதைச் சோதிச்சுச் சொல்லு. தப்பு மெஷின் மேலேயா, என் புருஷன் மேலேயா? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

சங்கத்தில் மெஷின், தராசு எல்லாம் சோதிப்பது ராய்ஸ்தான். எமெட்டின் உயிர்த் தோழரும் அவரேதான்.

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆர்லோ முகத்தைச் சுளித்தார். புருஷன் கல்லறையில் இன்னும் ஒரு பூ வைக்கவில்லை இவள். வந்துவிட்டாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு!

"இதுலே சோதிக்க என்னம்மா இருக்கு?" என்றார். "பீர் அடிச்சிட்டு தோட்டாவிலே மருந்தை அளவுக்கு மேலே போட்டுட்டேன்னு ஆஸ்பத்திரியிலே அவனே சொன்னானே. சாகப்போறவன் பொய்யா சொல்வான்?"

"அதுதான் எனக்கு எரியுது. மருந்து மேஜையிலே உக்காந்தா தண்ணிகூடத் தொடாத மனுஷன்! டப்பா எழுத்து கண்ணுக்குத் தெரியலேன்னு நான்தான் வெடிமருந்தை எடுத்து மெஷின்லே கொட்டிக் கொடுப்பேன். அன்னிக்கும் கொட்டி வெச்சிட்டுத்தான் அடுப்புக்குப் போனேன். அந்தக் கொஞ்ச நேரத்துலே குடிச்சானா? குடிச்சிட்டுச் செத்தவனுக்கு நான் ஏன் பூ வைக்கணும்?"

ராய்ஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஆர்லோ, ஹீட்டரை அணை. காத்து பட்டா எடை ஆடும்."

"குளிர்லே நான் ஆடுவேனே, அது பரவாயில்லையா?"

யாரும் சிரிக்கவில்லை.

"போனையும் அந்தாண்ட வை. பக்கத்துலே இருந்தா மெஷின் தடுமாறும்."

மெஷினின் மேல் குப்பியில் அன்றைய மிச்ச மருந்து அப்படியே கிடந்தது. ராய்ஸ் அதை ஒரு காகிதக் கோப்பையில் கொட்டினார். கோப்பைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை ஒரு தட்டால் மூடி, தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

சங்கத்து மருந்தைக் குப்பியில் நிரப்பினார். மெஷின் உறுமிக்கொண்டு பொடிப்பொடியாகக் கொட்டியது. அதை எடுத்துப் பழைய கைத்தராசில் போட்டார்.

வெர்னா பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

தராசு முள் நட்ட நடுவில் நின்றது. இன்னொரு முறை. நடுவில். எத்தனை முறை கொட்டினாலும் ஒரு பொடி கூடவில்லை, குறையவில்லை. இதில் தங்கமே நிறுக்கலாம் என்று நினைத்துக்கொண்டார் ஆர்லோ.

"வெர்னா," என்றார் ராய்ஸ். "மெஷின்தாம்மா தப்பு."

ஆர்லோ வாயைத் திறந்தார். மேஜைக்கு அடியில் ராய்ஸின் பூட்ஸ் அவர் காலை அழுத்தியது.

"நிஜமாவா?"

"நடுநடுவே அள்ளிக் கொட்டுது. எமெட் என்ன செய்வான், பாவம்."

"அப்போ பீருன்னு ஏன் சொன்னான்?"

"வலிக்குப் போட்ட ஊசியிலே என்னென்னமோ உளறினாம்மா."

சாவு வீட்டில் அழாதவள், அப்படியே நாற்காலியில் சரிந்து அழுதாள். "உன்னைப் போய் எப்படியெல்லாம் திட்டிட்டேன் எமெட்! ஒரு பூ வைக்கலியே நான்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இந்தச் சனியனை ஆத்துலே வீசிடு," என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "ராய்ஸ், பூக்கடை இந்நேரம் திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும். போம்மா."

அவள் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ஆர்லோ பொரிந்து தள்ளினார்.

"குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன், என் எதிர்லேயே இவ்வளவு பெரிய பொய்யா? சிநேகிதன் குடிச்சுட்டுப் பண்ணின தப்பை மறைக்க ஒரு நல்ல மெஷின் மேலே பழியா? உன்னை நேர்மையானவன்னு நினைச்சேன் பாரு!"

ராய்ஸ் பின்னால் இருந்த கோப்பையை எடுத்து, தட்டை விலக்கி, அவர் முன்னால் நகர்த்தினார்.

"எமெட்டோட ரைபிள் மருந்து எப்படி இருக்கும்?"

"குச்சி குச்சியா இருக்கும்."

"இது?"

ஆர்லோ குனிந்து பார்த்தார். குச்சி இல்லை. தட்டைத் தட்டையாக, சின்னச் சின்னச் செதில்கள்.

"கைத்துப்பாக்கி மருந்துடா இது! பத்திக்கிட்டா ஒரே பாய்ச்சல்தான். ரைபிள் தோட்டாவிலே இதை அதே எடைக்குப் போட்டா, துப்பாக்கி சிதறாமே என்ன பண்ணும்? டப்பா மாறிப்போச்சு. அப்போ... அன்னிக்கு மெஷின்லே கொட்டினது..."

ஆர்லோ தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, வெர்னாவின் வண்டித் தடம் பூக்கடை இருக்கும் திசையில் போயிருந்தது.

ராய்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எமெட் அன்னிக்கு ஒரு சொட்டு குடிக்கலே. துப்பாக்கி சிதறினதுமே டப்பா மாறினது அவனுக்குப் புரிஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரியிலே என்கிட்டே 'பழியை நான் ஏத்துக்கிட்டேன் ராய்ஸ். அவ நம்பலேன்னா மெஷின் மேலே போடு. அவ கை மேலே மட்டும் விழவிடாதே'ன்னான். சாகப்போறவன் சொன்ன பொய்டா அது. அதை நான் எப்படி மாத்துவேன்?"

சொல்லிவிட்டு, கோப்பையிலிருந்ததைப் பனியில் தூவிக்கொண்டே நடந்து போனார்.